காலி மூட்டைக்கு முத்திரை

எங்கள் குடும்பத்தில் முதல் சொல்லின் விலை நூற்றுக்குப் பதினைந்து. பேரத்தில் யார் முதலில் வாயைத் திறந்து ஒரு தொகையைச் சொல்கிறானோ அவனுக்கு அந்த வியாபாரத்தில் அவ்வளவு நஷ்டம் என்பது அப்பா வாழ்நாளெல்லாம் மொத்தக் கடையில் உட்கார்ந்து கண்டுபிடித்த கணக்கு. எதிராளி "என்ன விலை?" என்று கேட்டால் "நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்பார். "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று பந்து திரும்பி வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். அந்தக் கண்ணாடி அழுக்காக இருந்து நான் பார்த்ததே இல்லை. நானும் அக்காவும் பேசக் கற்பதற்கு முன்பே பேசாமலிருக்கக் கற்றவர்கள். சரக்கு கைமாறும் இடத்தில் அது சம்பாதித்துக் கொடுத்தது. வீட்டுக்குள்ளும் அதே கணக்கைப் போட்டதில் அக்கா நான்கு மாதமாகப் பிறந்த வீட்டில் இருக்கிறாள்.

அக்காவைக் கேட்டால் "அவர் வந்து கூப்பிடட்டும், போறேன்" என்பாள். அத்தானைக் கேட்டால் "அவ வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும் மாப்ளே, அடுத்த நிமிஷம் வாசல்ல நிப்பேன்" என்பார். இரண்டுமே நியாயமான பேச்சு. தனித்தனியாகக் கேட்டால் தலையாட்டத்தான் தோன்றும். அப்பாவிடம் போனால் கண்ணாடியைத் துடைப்பார். காலையில் அக்காவோடு காப்பி, பகலெல்லாம் அத்தானோடு அலுவலகம் என்று நான் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு இருப்பது ஒரே அக்கா, ஒரே தொழில் கூட்டாளி. இரண்டில் எது போனாலும் மற்றதும் தங்காது என்று தெரியாத அளவுக்கு நான் முட்டாளில்லை.

அலுவலகம் என்பது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறை. மூன்று பேராகத் தொடங்கியது. மருத்துவமனைகளுக்குக் கணினி நிரல் எழுதிக் கொடுப்பது தொழில். நோயாளிகளைப் பற்றிய பகுதி அத்தானுடையது, இயந்திரங்களைப் பற்றிய பகுதி என்னுடையது. இரண்டுக்கும் அடியில், இருவருமே கேட்டு வாங்கிக்கொள்ளும்படி, 'பொது' என்று ஒரு கோப்பு இருந்தது. எந்த நோயாளி எந்த இயந்திரத்தில் உட்காரலாம், எதில் கூடாது என்பதெல்லாம் அதில்தான். அதை எழுதியவள் அக்கா. எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒரு டயாலிசிஸ் நிலையம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற கூட்டத்தில் அதன் இயக்குநர் "அடித்தளத்தை யார் எழுதினது? ரொம்ப உறுதியா இருக்கு" என்று கேட்டார். அத்தான் தன்னையும் என்னையும் காட்டி, "நாங்க ரெண்டு பேரும்தான். இவங்க வீட்ல இருந்தபடியே அப்பப்ப ஒத்தாசை பண்ணுவாங்க" என்றார், கடைசியில் அக்காவைக் காட்டி. அக்கா கோப்பையில் மிச்சமிருந்த காப்பியைக் குடித்து முடித்தாள். கோப்பையைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தாள். அன்று மாலை அவள் அத்தான் வீட்டுக்குப் போகாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பேரத்துக்காகச் சொன்னது, குடும்ப நிறுவனம் என்று தெரிந்தால் விலையை இறக்குவார்கள் என்று அத்தான் பின்னால் என்னிடம் விளக்கினார். அந்த விளக்கத்தை என்னிடம்தான் சொன்னார்.

அவள் போன பிறகு 'பொது'வைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. திறந்தால் அவள் கையெழுத்து மாதிரி ஒவ்வொரு வரியும் கண்ணைக் குத்தியது. ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். நோயாளிச் சங்கதிகள் அத்தான் பக்கம், இயந்திரச் சங்கதிகள் என் பக்கம். பாகப்பிரிவினை நியாயமாகவே நடந்தது, சுவரில் ஆணிகூட மிச்சம் வைக்கவில்லை. ஒரே ஒரு சிக்கல். பிரித்த பிறகு என் பாதிக்கு அவர் பாதி தேவைப்பட்டது, அவர் பாதிக்கு என் பாதி. அதனாலென்ன, பக்கத்து மேசைதானே என்று நினைத்தோம்.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் அங்கே செவிலியர்களுக்கெல்லாம் பொறுப்பானவர். எல்லாருக்கும் பெரிய சிஸ்டர்.

"தம்பி, உங்க நிரல் எந்திரிக்க மாட்டேங்குது. எல்லார் பேரையும் கையால எழுதிக்கிட்டு நிக்கிறேன். நான் ஊசி போடப் படிச்சவ, குமாஸ்தா வேலைக்குப் படிக்கல."

"வந்துடுறேன் சிஸ்டர், பத்து நிமிஷத்துல பாத்துடுறேன்."

"உங்க பத்து நிமிஷம் எனக்குத் தெரியும். என் கல்யாணத்துக்கே மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பத்து நிமிஷத்துலதான் வந்தாங்க."

நான் தொலைபேசியை வைத்ததும் அக்கா கத்தியை நிறுத்தி, "என்னன்னு சொல்லுது?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா சிஸ்டர் காலங்காத்தால கூப்பிடுறாங்க?" என்றவள் மறுபடியும் ரொட்டியைப் பார்த்தாள். ஓரம்வரை, மூலைவரை, ஒரு இடம் விடாமல் தடவினாள். பிறகு ரொட்டியிடம் சொல்வதுபோல, "எந்தப் பேரு கிடைக்கலைங்குதுன்னு முதல்ல பாரு" என்றாள். நான் பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. அவளும் நான் சொல்வேன் என்று காத்திருக்கவில்லை.

அலுவலகத்தில் அத்தான் எனக்கு முன்பே வந்து இரண்டு திரைகளிலும் பிழைச்செய்தியை விரித்து வைத்திருந்தார். 'நோயாளி' என்ற கோப்பு 'இயந்திர'த்திடமிருந்து ஒரு பெயரைக் கேட்கிறது, 'இயந்திர'த்தில் அப்படி ஒரு பெயரே இல்லை என்கிறது. 'இயந்திர'த்தைத் திறந்து பார்த்தால் அந்தப் பெயர் நடுப்பக்கத்தில் குத்துக்கல்லாட்டம் நிற்கிறது. இருக்கிற ஆளை இல்லை என்று சாதிக்கும் நிரலை நான் அதுவரை பார்த்ததில்லை. மனிதர்களைப் பார்த்திருக்கிறேன்.

இது என்ன என்று புரிய அரை நாள் போயிற்று. பாதி நேரம் அது எங்கள் கைக்கே சிக்கவில்லை. அலுவலகத்தில் ஓட்டினால் நன்றாக ஓடும், நிலையத்தில் ஓட்டினால் செத்துப்போகும். அங்கே என்னதான் நடக்கிறது என்று பார்க்க நடுவில் ஒரு வரி சேர்த்து 'இப்போது இங்கே வந்துவிட்டேன்' என்று எழுதச் சொன்னால், அந்த வரி இருக்கும்வரை நிலையத்திலும் ஓடும், எடுத்தால் சாகும். தராசில் கல் குறைகிறதா என்று தொட்டுப் பார்த்தால் தொடுகிற விரலின் எடையே தட்டைச் சமமாக்கிவிடுகிறது என்றால் கள்ளத் தராசை எப்படிப் பிடிப்பது? மதியத்துக்கு மேல்தான் தெரிந்தது, அந்த வரி தன் வேலைக்காக 'நோயாளி'யை முன்கூட்டியே அழைத்து உட்காரவைத்துவிடுகிறது என்று. அதனால்தான் அது இருக்கும்போது பிழை இல்லை. அலுவலகத்தில் நாங்கள் ஓட்டிப் பார்ப்பதும் 'நோயாளி'யிலிருந்தே தொடங்கும், அங்கேயும் பிழை இல்லை.

சங்கதி இதுதான். கணினிக்குள் ஒரு கோப்பு முதல் வரியிலிருந்து தொடங்கி வரிவரியாக ஏறும். முதல் வரியில் 'அவனையும் கூட்டி வா' என்று இருந்தால் அங்கேயே நின்று அவனைக் கூட்டி வரப் போகும். 'நோயாளி'யின் முதல் வரி 'இயந்திரத்தைக் கூட்டி வா' என்கிறது. 'இயந்திர'த்தின் முதல் வரி 'நோயாளியைக் கூட்டி வா' என்கிறது. இப்படியே போனால் பொழுது விடியாது என்று நிரல்மொழிக்குத் தெரியும். அதனால் அது ஒரு தந்திரம் செய்கிறது. 'அவன் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறான், இந்தா, இப்போதைக்கு இதை வைத்துக்கொள்' என்று ஒரு மூட்டையைக் கொடுத்துவிடும். மூட்டைக்கு மேலே பெயர் இருக்கும், முத்திரை இருக்கும். உள்ளே இன்னும் எதுவும் போட்டிருக்காது. வாங்கும்போது யாரும் கத்துவதில்லை. ஓடும்போது, உண்மையான தேவைக்குக் கையை விடும்போதுதான் தெரியும், காலி என்று. யார் முதலில் ஏறுகிறார்கள் என்பதைப் பொறுத்து காலி மூட்டை ஒருவர் தலையில் விழும். இத்தனை மாதம் முதலில் ஏறியது 'நோயாளி'. 'இயந்திர'த்துக்குக் கிடைத்தது காலி மூட்டைதான். ஆனால் அது கையை விடுவதற்குள் சரக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது. பிழைப்பு ஓடியது.

"அப்ப வரிசை எப்படி மாறுச்சு?" என்றேன்.

அத்தான் பேனாக்களை நேராக அடுக்கினார். "நான்தான். போன வாரம். அந்தக் 'கூட்டி வா' இம்போர்ட் வரியெல்லாம் கண்டபடி கெடந்துச்சு. அகரவரிசைல அடுக்குற கருவி ஒண்ணு இருக்கு, அதை ஓட்டினேன். படிக்க அழகா இருக்கும்னு. நேத்து ராத்திரிதான் நிலையத்துக்கு அனுப்பினேன்."

அகரவரிசையில் 'இ' முன்னால் வந்துவிட்டது, 'நோ' பின்னால் போய்விட்டது. திட்ட வாய் வரவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆள். அக்கா இருந்தபோது அந்த வீட்டுச் சமையலறையில் டப்பாக்கள் கைக்கு எட்டும் வரிசையில் இருந்தன. இப்போது உயர வரிசையில் நிற்கின்றன. போன வாரம் நான் போனபோது சர்க்கரையைத் தேடி அவர் நாற்காலி போட்டு ஏறினார்.

"பழையபடியே மாத்திடலாம் மாப்ளே."

மாற்றினோம். காலையில் ஆட்களை இயந்திரங்களுக்கு ஒதுக்கும் வேலை உயிர் பெற்றது. ஆனால் ரசீது போடும் பகுதி செத்தது. அத்தான் அடுக்கிய பிறகு, புது வரிசைக்கு மேல் நான் சேர்த்த ஒரு வேலை பின்வாசல் வழியாக 'இயந்திர'த்தை நேரே கூப்பிடுகிறது. முன்வாசலுக்கு ஒரு வரிசை சரி, பின்வாசலுக்கு மற்றது. எந்தப் பக்கம் போர்வையை இழுத்தாலும் யாரோ ஒருவர் கால் வெளியே.

"வரிசை மாறினா செத்துப்போற நிரலை எவன்யா எழுதினது?" என்று அத்தான் மேசையைத் தட்டினார்.

"ரெண்டு பேரும்தான்."

"முன்னாடியெல்லாம் இப்படி நடக்கலையே."

"முன்னாடி 'பொது' இருந்துச்சு அத்தான்."

கீழே கண்ணாடிக் கடையில் யாரோ எழுத்துப் பலகையைத் தப்புத் தப்பாக வாசிப்பது கேட்டது.

பெரிய சிஸ்டர் மூன்றாவது முறை கூப்பிட்ட பிறகு நான் வியாபாரி வீட்டுப் பிள்ளையாக யோசித்தேன். புதுக்கடை திறக்கும்போது சரக்கு வந்து சேரவில்லை என்றால் காலி அட்டைப்பெட்டிகளை அலமாரியில் அடுக்கி வைப்போம். வாசலில் நிற்பவனுக்குக் கடை நிறைந்து தெரியும். அதைத்தான் செய்தேன். இரண்டு பக்கமும் இரண்டு பொம்மைகளை வைத்தேன். 'இந்த நோயாளி இந்த இயந்திரத்துக்கு ஏற்றவரா?' என்று கேட்டால் ஒரு பொம்மை 'சரி' என்னும். 'இந்த இயந்திரம் காலியா?' என்றால் மற்றது 'சரி' என்னும். எல்லாம் முழுசாக ஏறிய பிறகு பொம்மையை எடுத்துவிட்டு அசலை வைக்கும்படி ஒரு வரியும் எழுதினேன்.

அத்தான் தயங்கினார். "எதைக் கேட்டாலும் சரின்னா..."

"முதல்ல எந்திரிச்சு நிக்கட்டும் அத்தான். நின்னுட்டா மத்ததைப் பாத்துக்கலாம்."

நின்றது. முன்வாசல், பின்வாசல் இரண்டிலும் பச்சை. நிலையத்துக்கு அனுப்பினோம். அத்தான் என் தோளில் கை வைத்து, கையை எடுக்காமல், ஜன்னலைப் பார்த்தபடி, "உங்க அக்கா... நல்லா இருக்காளா?" என்றார். 'உங்க அக்கா'வுக்குப் பிறகு விட்ட இடைவெளியில் ஒரு லாரியைத் திருப்பலாம்.

அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. இரண்டு பக்கமும் மற்றவர் இறங்கி வந்துவிட்டார் என்று சொல்வது தரகனின் முதல் பாடம். வாங்குகிறவனிடம் 'அவர் குறைக்க ஒத்துக்கிட்டார்', விற்கிறவனிடம் 'அவர் ஏத்த ஒத்துக்கிட்டார்'. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டால் மிச்சத்தை வெட்கம் பார்த்துக்கொள்ளும். எத்தனையோ வியாபாரம் அப்படி முடிந்ததை நான் கண்ணால் கண்டவன். படியில் இறங்கி நின்று அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"நிலையத்துக்குப் போறோம், சரியா ஓடுதான்னு பாக்க. அத்தான் உன்னை அங்க வரச் சொல்றார்."

"அவரா சொன்னார்?"

"அவரேதான்."

"சொன்ன மாதிரியே சொல்லு."

இங்கேதான் கைப்பக்குவம் வேண்டும். பெரிய பொய்க்குப் பெரிய சாட்சி கேட்பார்கள். "'அவ வந்தா நல்லா இருக்கும்'னார்."

"'வந்தா'வா, 'வரணும்'னா?"

"'வந்தா'தான்."

பொய் சின்னதாக இருந்ததால் நம்பினாள். "நான் பஸ்ல வந்துக்கிறேன்" என்றாள். குரலில் என்னமோ ஒன்று சட்டென்று சிறுபிள்ளைத்தனமாக இருந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை. மேலே வந்து அத்தானிடம், "அக்கா அங்க வர்றாளாம். நீங்க இருப்பீங்களான்னு கேட்டா" என்றேன். அவர் எழுந்து போய் முகம் கழுவினார். வெகு நேரம் தண்ணீர் ஓடியது. வரும்போது சட்டைக் காலரெல்லாம் நனைந்திருந்தது, தலையை வகிடு எடுத்துச் சீவியிருந்தார்.

நிலையத்துக்கு முதலில் போனவன் நான். கூடத்தில் பன்னிரண்டு சாய்வு நாற்காலி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இயந்திரம், குழாய்களில் சிவப்பு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. மஞ்சள் காமாலைக் கிருமி இரத்தத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பன்னிரண்டிலேயே கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சில தனி இயந்திரங்கள். அவர்கள் கையில் மஞ்சள் பட்டை. பெரிய சிஸ்டர் வழியிலேயே என்னை நிறுத்தினார். சிரிக்கவில்லை.

"தம்பி, உங்க நிரல் இப்ப எந்திரிச்சிடுச்சு. எந்திரிச்சு என்ன செஞ்சுச்சு தெரியுமா? மஞ்சள் பட்டைக்காரருக்கு மூணாம் நம்பரைக் குடுக்குது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம்."

"அவரை அதுல மாட்டிட்டீங்களா?" என்றேன்.

"மாட்டுவேனா? எதைக் கேட்டாலும் சரி, சரிங்குது. என் வீட்டுக்காரரே இத்தனை சரி சொன்னதில்ல. அதுலதான் சந்தேகம் வந்துச்சு."

ஆறாம் நாற்காலியில் ஓய்வுபெற்ற பஸ் நடத்துனர் ஒருவர் படுத்திருந்தார். கண்ணைத் திறக்காமல், "எங்க பஸ்லகூட ஏறுறவங்களை ஒரு பார்வை பாத்துத்தான் டிக்கெட் குடுப்போம் தம்பி" என்றார். நான் வரவேற்பு மேசைக் கணினியில் நிரலை நிறுத்தினேன். பொம்மையை எடுத்து அசலை வைக்கும் அந்த ஒரு வரி பின்வாசலில் மட்டும் இருந்தது. முன்வாசலில் பொம்மை பொம்மையாகவே உட்கார்ந்து ஆளை ஒதுக்கிக்கொண்டிருந்தது. சிஸ்டர் மட்டும் கொஞ்சம் அசந்திருந்தால் என்று நினைப்பதற்குள் அத்தான் உள்ளே வந்தார். அவர் பெஞ்சில் உட்காருவதற்குள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா. எங்கள் வீட்டு ஆணியில் நான்கு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்த அலுவலகப் பையைத் தோளில் மாட்டி வந்திருந்தாள்.

அத்தான் எழுந்தார். "வா. வர்றேன்னு நீயே சொன்னதுல எனக்கு..."

"நான் எங்க சொன்னேன்? நீங்கதானே வரச் சொன்னீங்க?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான்கு மாதத்தில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

அக்கா என்னை விட்டுவிட்டு அவரிடம் திரும்பினாள். "'அவ வந்தா நல்லா இருக்கும்'னு நீங்க சொல்லல?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். என் அப்பாவாக இருந்தால் சொல்லியிருப்பார், நான் சொல்லியிருப்பேன், கூடத்தில் படுத்திருந்த நடத்துனர்கூடச் சொல்லியிருப்பார். அத்தானுக்குப் பொய் வரிசையாக அமையாது. "சொல்லல" என்றார். ஈரக் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நினைச்சேன்."

"நினைச்சது எனக்கு எப்படிங்க கேக்கும்?"

இயந்திரங்கள் ஒரே குரலில் ரீங்கரித்துக்கொண்டிருந்தன. அக்கா பையை மறு தோளுக்கு மாற்றினாள். "உனக்கு அப்புறம் இருக்கு" என்றாள் என்னிடம், நடந்துவிட்டாள். கதவுப் பிடியில் கை வைத்த பிறகுதான் பெரிய சிஸ்டர் பேசினார். "அம்மா, நீங்க யாருன்னு தெரியாது. இந்த ரெண்டு பேரையும் நம்பி வெளிய அடுத்த முறைக்கு ஆளுங்க நிக்கிறாங்க. அதுல மஞ்சள் பட்டை மூணு பேர். உங்களுக்கு ஏதாவது தெரியும்னா பாருங்க, தெரியாதுன்னா கதவை மெதுவா சாத்திட்டுப் போங்க. நான் பழையபடி கைல எழுதிக்கிறேன்."

தெரியாது என்ற சொல்லில் அக்கா நின்றாள். கூட்டத்தில் பார்த்த இயக்குநரைத் தவிர நிலையத்தில் யாருக்குமே அவளைத் தெரியாது. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. கதவைப் பார்ப்பதுபோல் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி வந்து மேசைக்கு முன் உட்கார்ந்தாள்.

"என்னன்னு சொல்லுது?"

நான் காட்டினேன். கொஞ்ச நேரம் வாசித்தாள். "'பொது' எங்க?"

"பிரிச்சுட்டோம்."

"எப்ப?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் சொன்னார். "நீ போன அடுத்த வாரமே."

விலையைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறவள் மாதிரி தலையசைத்தாள். என் பொம்மைகளைப் படித்தாள். "இந்தச் 'சரி' யாரு எழுதினது?"

"நான்தான்."

"தெரியும். கேக்கணும்னு கேட்டேன்."

அழித்த கோப்பு உண்மையில் அழிவதில்லை. பழைய பிரதிகள் எங்கோ ஒரு மூலையில் தேதியோடு உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து 'பொது'வை எழுப்பினாள். ஆனால் நான்கு மாதத்தில் இரண்டு பாதிகளும் தனித்தனியாக வளர்ந்திருந்தன. எதை எடுப்பது, எதை விடுவது என்று எங்களைக் கேட்காமல் தெரியாது. என் பாதியை என்னிடம் கேட்டாள். அத்தானின் பாதியையும் என்னிடமே கேட்டாள். அவர் ஒரு முழம் தள்ளி நின்றார்.

"அவரைக் கேளு, இந்தப் பட்டியல்ல எடை எதுக்கு வந்துச்சுன்னு."

"அத்தான், எடை எதுக்கு..."

"கேட்டுச்சு. டாக்டர் கேட்டார்னு சொல்லு."

"அக்கா, டாக்டர்..."

"எனக்கும் காது இருக்கு."

இப்படி ஒரு மூட்டையை இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் கொடுத்துக்கொண்டு நின்றேன், நான் செய்த வேலைக்கு அது அதிகமான தண்டனையில்லை. கடைசியில் பெரிய சிஸ்டருக்கே பொறுக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் இயந்திரங்களின் எண்கள் சரியா என்று பார்க்க என்னை இழுத்துக்கொண்டு போனார். ஒவ்வொன்றாகக் குனிந்து தகட்டைப் படித்தேன். தடுப்புக்கு வெளியே அவர்கள் இருவரும் சத்தமில்லாத படம்போல் தெரிந்தார்கள். முதலில் அவள் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரலால் ஏதோ காட்டினாள். அவர் குனிந்தார். நான் திரும்பி வந்தபோது என்னைக் கவனிக்கவில்லை.

"இந்த எல்லைய ஏன் மாத்தினீங்க?"

"நீ ஏன் அப்படி வச்சேன்னு புரியல."

"கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம்" என்றார் அவரும். பிறகு, குரலை இன்னும் தாழ்த்தி, "அன்னைக்குக் கூட்டத்துல சொன்னது... விலைக்காகத்தான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"என்ன விலை கிடைச்சுதுன்னும் தெரியும்." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த வரிய கீழ இறக்குங்க. இன்னும். ஆங், அங்க."

இறக்கினார். எனக்குத்தான் கையில் ஏதாவது கண்ணாடி இருந்தால் துடைக்கலாம் போலிருந்தது.

முடித்ததும் அக்கா ஒரு காரியம் செய்தாள். அத்தான் அகரவரிசையில் அடுக்கிய வரிகளைத் தலைகீழாகப் போட்டு ஓட்டினாள். ஓடியது. மறுபடி கலைத்து, கண்டபடி போட்டு ஓட்டினாள். அப்போதும் ஓடியது. 'நோயாளி'யும் 'இயந்திர'மும் இப்போது ஒன்றையொன்று கூப்பிடவில்லை. இரண்டும் 'பொது'வை மட்டும் கூப்பிட்டன. 'பொது' யாரையும் கூப்பிடவில்லை. பெரிய சிஸ்டர் மஞ்சள் பட்டைக்காரரின் எண்ணை அடித்து, வேண்டுமென்றே மூன்றாம் இயந்திரத்தைக் கேட்டார். நிரல் 'கூடாது' என்றது. "அப்படிச் சொல்லு ராசாத்தி" என்றார் அதைப் பார்த்து.

அக்கா எழுந்து மேசைக் கண்ணாடியில் படிந்திருந்த தன் கைரேகைகளை முழங்கையால் துடைத்தாள். பையை எடுத்துக்கொண்டாள். வாசலுக்குப் போவாள் என்று நினைத்தேன். கூடத்துக்கு வெளியே, உறவினர்கள் உட்காரும் நீள பெஞ்சின் ஒரு ஓரத்தில் போய் உட்கார்ந்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டு. அத்தான் கொஞ்ச நேரம் கதவுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் நின்றார். கார்ச்சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார், மறுபடி உள்ளே போட்டார். பிறகு அதே பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். நடுவில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறப்பதற்கு முன் மூச்சு இழுக்கிற மாதிரி அவர் தோள் ஒருமுறை ஏறியது, இறங்கியது. அவள் பையின் வாரைச் சுருட்டினாள், பிரித்தாள்.

நான் போகவில்லை. எந்தப் பக்கமும் போகவில்லை. மேசைக்குப் பின்னால், எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு பேனாவைப் பிடித்தபடி நின்றேன்.

எதிர்ச் சுவரில் காலையிலிருந்து கறுப்பாகக் கிடந்த திரை விழித்துக்கொண்டது. அடுத்த முறை ஆட்களை ஒவ்வொருவராக உள்ளே அழைத்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் எழுந்து போனார். வரிசை குறைந்துகொண்டே வந்தது. கடைசி ஆளும் உள்ளே போய்க் கதவு சாத்தியதும் திரை நிலவரத்தைக் காட்டியது: இயங்கும் இயந்திரம் 11, கழுவலில் 1, காத்திருப்போர் 0.

பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.